அடுக்கு என்றொரு கட்டளை

மார்ச் 4

அண்ணிக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் விட்டுவிட்டேன். எத்தனையோ தடவை போன் செய்தேன். கடைசியில் அண்ணன்தான் எடுத்தார். "அவ பேசமாட்டாளாம், எழுதச் சொல்றா. போன்ல நீ பாதியிலேயே வெட்டிடுவியாம். எழுத்துன்னா முழுசாப் படிச்சுத்தானே ஆகணும்" என்றார். சரி, எழுதுகிறேன்.

நேற்று எங்கள் துறைக் கூட்டத்துக்கு டைக்காரர் வந்திருந்தார். நினைவிருக்கும், வெயில் கொளுத்தினாலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு அலைகிறவர், நம்மைப்போலவே கேலக்ஸி மோதல்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பெரிய குழுவின் தலைவர். நம் கட்டுரையைக் கிழித்துத் தொங்கவிட்டார். சின்ன கேலக்ஸி ஒன்று பெரியதோடு மோதும்போது பிய்த்து எறியப்பட்ட நட்சத்திரக் கூட்டம், பெரியதன் வாயில் விழாமல் தன் சொந்த கேலக்ஸிக்கே திரும்பி வருகிறது என்று எழுதினோமே, அது பொய்யாம்.

என்னை எதிரில் வைத்துக்கொண்டே, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். "இவங்க கேலக்ஸியில நாலு கோடித் துகள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். கணினி அப்பப்ப எல்லாத்தோட இடத்தையும் ஒரு ஃபைல்ல எழுதும். ஆனா எழுதுற வரிசை ஒவ்வொரு தடவையும் கலைஞ்சிடும். நம்பர்படி திரும்ப அடுக்கினாத்தான் போன ஃபைல்ல இருந்த நட்சத்திரம் இந்த ஃபைல்ல எங்க இருக்குன்னு தெரியும். அந்த அடுக்குறதுலதான் இவங்க கோட்டை விட்டுட்டாங்க. இவங்க டேட்டாவையே வாங்கி எங்க முறையில அடுக்கிப் பாத்தேன். திரும்பி வர்ற கூட்டம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

கூடவே ஒரு படமும் போட்டார். நம் பட்டியலில் சில துகள்கள் ஒரே எட்டில் கேலக்ஸியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தாவுகின்றன. அது மட்டும் உண்மை, நானும் என் கண்ணால் பார்த்தேன்.

வெளியே வந்ததும் நம் பேராசிரியர் சொன்னார்: "மாசக் கடைசியில பொது அரங்கு இருக்கு, அங்கயும் இவர் இதையே பேசப்போறார். அதுக்குள்ள கட்டுரையை வாபஸ் வாங்கிடும்மா. மரியாதையாவது மிஞ்சும்." வாபஸ் வாங்கினால் எனக்குக் கொடுத்த கணினி நேரம் போய்விடும். அது போனால் வேலையும் போய்விடும்.

கேட்க வந்தது ஒன்றுதான். துகள்களை அடுக்கும் நிரலை எழுதியது நீங்கள். வேலையை விட்டுப் போவதற்கு முன்னால் அதில் எதையாவது மாற்றினீர்களா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 6

மாண்புமிகு நாத்தனார் அவர்களுக்கு,

மாற்றவில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுதச் சொன்னது நான்தான், எனவே எழுதுகிறேன், நீ முழுசாகப் படி.

உன் அண்ணன் பிறந்தநாள் சாப்பாட்டில், உன் அம்மா, பேராசிரியர், நம் அறைக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, யாரோ "உங்க அண்ணிக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். நீ என்ன சொன்னாய்? "நான் கேலக்ஸியை உருவாக்குவேன், அண்ணி அதைப் பாத்திரம் கழுவி வச்ச மாதிரி அடுக்கி வைப்பாங்க." மேஜையே சிரித்தது.

இரண்டு வருஷம் எழுதிய நிரல் அது. கறுப்புத் திரையில் 'அடுக்கு' என்று ஒரு சொல், பக்கத்தில் கோப்பின் பெயர், ஒரு தட்டு. டீ ஆறுவதற்குள் நாலு கோடியும் வரிசையில் நிற்கும். பட்டன் கிடையாது, படம் கிடையாது, கலர் கிடையாது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது பார்சல் கிடங்கில் இருக்கிறேன். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று சொல்லும் நிரல் என் பொறுப்பு. இதுவும் அடுக்குகிற வேலைதான். ஒரு பெட்டி தப்பான லாரியில் ஏறினால் ஊரே கூப்பிட்டுத் திட்டும். திட்டட்டும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று திட்டுகிறவர்களுக்காவது தெரிகிறது.

உன் டைக்காரரிடம் சொல்: அடுக்கு வரிசை தப்பாது. அவர் தலைகீழாக நின்றாலும் தப்பாது.

அண்ணி

பின்குறிப்பு: தாவுவது எது? வாயுத் துகளா, நட்சத்திரமா? எல்லாக் கோப்பையும் அனுப்பித் தொலைக்காதே. தாவுகிறவற்றை மட்டும் பிரித்து அனுப்பு. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.


மார்ச் 9

அண்ணி,

"சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்று நீங்கள் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கேட்டதை அனுப்பியிருக்கிறேன்.

வாயுவும் தாவுகிறது, நட்சத்திரமும் தாவுகிறது. மோதலுக்கு முன்னால் ஒன்றுகூடத் தாவவில்லை. மோத ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கூத்து. வரிசையையும் சரிபார்த்தேன். சின்னதிலிருந்து பெரியதுவரை ஓர் எண்கூடப் பிசகவில்லை. வரிசை சரி, வரிசையில் நிற்பது தப்பு. இதற்கு மேல் எனக்கு மண்டை வேலை செய்யவில்லை.

நம் அறை அப்படியே இருக்கிறது. ஏசி இன்னமும் வாளியில் சொட்டுகிறது. உங்கள் நாற்காலியில் பழைய பிரிண்டரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அதுவும் என்னோடு பேசுவதில்லை.

சாப்பாட்டு மேஜையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது வாய்க்கொழுப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களும்தானே சிரித்தீர்கள்? பிடிக்கவில்லை என்றால் அங்கேயே என் மண்டையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம், வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அதை விட்டுவிட்டு வாரக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல், ஒருநாள் பேராசிரியர் கையில் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். இது எந்த ஊர் நியாயம்?

பேராசிரியர் தினமும் கதவருகே வந்து எட்டிப் பார்க்கிறார். "எழுதிட்டியாம்மா?" என்கிறார். வாபஸ் கடிதத்தைத்தான் கேட்கிறார். பயமாக இருக்கிறது அண்ணி. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனார்


மார்ச் 13

அடியே சில்வண்டு,

கண்டுபிடித்துவிட்டேன்! கிடங்கில் எல்லார் முன்னாலும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் பயந்து ஓரடி பின்னால் போய்விட்டார்.

அவர்தான் காரணம். காலையில் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் பொத்தென்று வைத்தார். "மேடம், உங்க சாஃப்ட்வேருக்குக் கண்ணு தெரியலையா? ஒரே நம்பர்ல ரெண்டு பெட்டி. ஒண்ணு உடைஞ்சிருக்குன்னு திரும்பி வந்தது, இன்னொண்ணு அதுக்குப் பதிலா போறது. போறதைத் திரும்ப கொண்டாந்து வைக்குது, உடைஞ்சதை மறுபடியும் அந்த வீட்டுக்கே அனுப்புது. அந்தம்மா போன்ல என்னைத்தான் கிழிக்கிறாங்க" என்றார். நீ அனுப்பிய பட்டியலைத் திறந்தேன். எதைத் தேட வேண்டும் என்று அப்போது தெரிந்துவிட்டது.

தாவுகிற ஒவ்வொரு எண்ணிலும் ஒருவர் அல்ல, இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று வாயு, ஒன்று நட்சத்திரம். உன் மோதலில் வாயு நசுங்கிக் குளிர்ந்து நட்சத்திரம் பிறக்கிறது. பிறந்த பிள்ளைக்கு நீ என்ன எண் கொடுத்திருக்கிறாய்? தாயின் எண்ணையே கொடுத்திருக்கிறாய்!

அடுக்கு எண்ணை மட்டும்தான் பார்க்கும். ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்தால், கோப்பில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களை முன்னால் உட்கார வைக்கும். ஒரு கோப்பில் தாய் முன்னால், அடுத்த கோப்பில் பிள்ளை முன்னால். வரிசை தப்பவே இல்லை. தாயும் பிள்ளையும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு ஒரே ஆள் கேலக்ஸியைத் தாண்டிக் குதித்ததுபோல் தெரிகிறது.

எண் இரண்டு பேருக்கு வராது என்று ஆரம்பத்தில் என்னிடம் சொன்னதே நீதான். அதை நம்பித்தான் எழுதினேன். எப்போது மாற்றினாய்? ஏன் சொல்லவில்லை?

திருத்திய நிரலை இதோடு அனுப்பியிருக்கிறேன். முதலில் எண் பார்க்கும். எண் ஒன்றானால் பிறந்த நேரம் பார்க்கும். வாயுவுக்குப் பிறந்த நேரம் கிடையாது, ஆகவே தாய் எப்போதும் முன்னால். பிள்ளைகள் மூத்தது இளையது என்று அவள் பின்னால் நிற்கும். இனி யாரும் இடம் மாற முடியாது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் போட்டு ஓட்டினால் உன் கூட்டம் திரும்பி வருமா, இல்லை, அதுவும் இந்த இடமாற்றத்தில் தோன்றிய மாயம்தானா என்று எனக்குத் தெரியாது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஓட்டு.

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

எப்போது மாற்றினேன் என்று தேடிப் பார்த்தேன். பிறந்தநாள் சாப்பாட்டுக்கு அடுத்த வாரம். எந்த நட்சத்திரம் எந்த வாயுவின் வயிற்றில் பிறந்தது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் தாயின் எண்ணையே பிள்ளைக்கும் வைத்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நீங்கள் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டீர்கள். 'போங்க, நீங்களா கேட்கும்போது சொல்றேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை. பிறகு நீங்களே இல்லை.

ஆக, நாம் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வாரம், ஒரு கேலக்ஸியையே குழப்பிவிட்டது. அதில் எனக்குப் பாதி, உங்கள் இயர்போனுக்குப் பாதி.

திருத்தியதை வைத்து முதல் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். பேராசிரியர், "எதுக்கும்மா இந்த வேலை, போனது போகட்டும்" என்றார். "போறதா இருந்தா நானே பாத்துட்டு அனுப்பறேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கூட்டம் இல்லை என்று வந்தால், அரங்கத்தில் நானே எழுந்து சொல்லிவிடுவேன். ஆனால் அது இருக்க வேண்டும் அண்ணி. அது இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சில்வண்டு


மார்ச் 16

இயர்போன்மேல் பழி போடாதே. அதில் பாட்டே ஓடவில்லை. நீ இன்னொரு தடவை கூப்பிடுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம். டைக்காரரும் இதே டேட்டாவைத்தானே அடுக்கினார்? அவருக்கும் ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்திருக்க வேண்டும். அவர் படத்தில் மட்டும் எதுவுமே தாவவில்லை என்றால், அந்த இரண்டாவது ஆள் எங்கே போனார்? அவர் வெளியிட்ட பட்டியலை எடுத்துத் தலையை எண்ணு.

அண்ணி


மார்ச் 30

அண்ணி! அண்ணி! அண்ணி!

ஜெயித்துவிட்டோம்!

இருங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன். திருத்திய பட்டியலில் ஒரு துகள்கூடத் தாவவில்லை. கூட்டம் இருக்கிறது. அதே கூட்டம் முன்னைவிடத் தெளிவாக, அலுங்காமல் குலுங்காமல் வளைந்து தன் கேலக்ஸிக்குத் திரும்பி வருகிறது. மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். ஆனால் அதோடு விட்டால் என் சொல்லா அவர் சொல்லா என்றுதானே ஆகும்? நீங்கள் சொன்னபடி தலையை எண்ணினேன். அவர் பட்டியலில் ஆள் குறைவு. குறைந்தது எவ்வளவு தெரியுமா? மோதலில் பிறந்த நட்சத்திரங்கள் எத்தனையோ, சரியாக அத்தனை.

பேராசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி துடைத்தார். "வாபஸ் லெட்டர் எழுதிட்டியா?" என்றார். "இல்ல சார்." "எழுதாதே" என்றார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. படிக்கட்டில்கூட ஆட்கள். டைக்காரர் முதலில் பேசினார், எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்: "சார், உங்க பட்டியல்ல ஒரே நம்பர் ரெண்டு தடவை வருதா?"

"எப்படி வரும்? நாங்க முதல்ல வாயுவைப் படிப்போம், அப்புறம் நட்சத்திரத்தைப் படிப்போம். வந்த நம்பரே மறுபடி வந்தா, அது எழுதும்போது விழுந்த குப்பை. நீக்கிடுவோம். டேட்டா சுத்தமா இருக்கணும் இல்லையா?"

"அந்தக் குப்பையெல்லாம் மோதல்ல பிறந்த நட்சத்திரங்க சார். தாயோட நம்பர்லயே பிறந்தது. திரும்பி வர்ற கூட்டம் முழுக்க அதுங்கதான். நீங்க தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தூக்கி வெளிய போட்டுட்டீங்க."

அவர் முகம் மாறியது, ஆனாலும் விடவில்லை. "சொன்னா போதாது. இங்கேயே ஓட்டிக் காட்டுங்க" என்றார். அதற்குத்தானே காத்திருந்தேன்! அவருடைய பட்டியலையே திறந்து, நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்தேன். என் கணினியைப் பெரிய திரையில் போட்டார்கள். திரை முழுக்கக் கறுப்பு. அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அதில் ஒரே சொல் அடித்தேன். அடுக்கு.

பிறகு படம் ஓடியது. மோதல் வந்தது, கூட்டம் தூக்கி எறியப்பட்டது. இருட்டில் தனியாகப் போய்க்கொண்டே இருந்தது. நின்றது. அப்புறம் அண்ணி, திரும்பியது! படிக்கட்டில் இருந்தவர்கள் கத்தினார்கள். முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? டைக்காரர். சும்மா சொல்லக்கூடாது, பெரிய மனசு.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அந்த நிரலை எழுதினது யாரு?" என்று கேட்டாள். "என் அண்ணி" என்றேன். "அவங்க இல்லேன்னா நான் பாத்தது கனவா நிஜமான்னு எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றேன். இதை அந்தச் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்க வேண்டும். தெரியும்.

வேலை நிலைத்துவிட்டது, கணினி நேரத்தை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். திருத்திய கட்டுரை நாளை போகிறது. பெயர்களை நான்தான் அடுக்கினேன். உங்கள் பெயர் முதலில்.

சில்வண்டு


ஏப்ரல் 2

சில்வண்டு,

நேரலையில் பார்த்தேன். தனியாகப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன், விட்டால்தானே! மேற்பார்வையாளர், லாரி ஓட்டுநர்கள், பெட்டி ஒட்டுகிற பெண்கள் எல்லாரும் என் மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். திரையில் அந்தச் சொல் வந்ததும் மேற்பார்வையாளர், "இது நம்ம மேடம் எழுதினது!" என்று கூவினார். என்ன எழுதினேன் என்று அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. கூட்டம் திரும்பியபோது விசில் அடித்தார்கள். நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும், நன்றாகவே அழுதேன்.

பெயர் முதலில் வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டுவேன் என நினைத்தாயா? காட்டமாட்டேன். இருக்கட்டும்.

அடுக்கில் இன்னொரு மாற்றம் செய்து எல்லாருக்கும் வெளியிட்டிருக்கிறேன். இனிமேல் ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்து, பிறந்த நேரத்தாலும் பிரிக்க முடியாமல் போனால், அது தானாக முடிவு செய்யாது. நின்றுவிடும். நின்று, திரையில் ஒரு வரி காட்டும்: "இங்கே ஒரே எண்ணில் இரண்டு பேர். உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்."

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணி,

டைக்காரர் உங்கள் அடுக்கை இறக்கித் தன் பழைய மோதல்களின்மேல் ஓட்டியிருக்கிறார். அவையும் பிள்ளைக்குத் தாயின் எண்ணையே கொடுத்த, பிறந்த நேரமே குறித்து வைக்காத கோப்புகள். முதல் கோப்பிலேயே நின்றுவிட்டது. உடனே எனக்கு போன். "ஏம்மா, 'உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்'னு வருதே. எப்ப வரட்டும்?"

வந்தேவிட்டார், டை கட்டாமல். நாலு நாளாக நம் அறையில்தான் இருக்கிறார், வாளி நிறைந்தால் அவரே போய்க் கொட்டுகிறார். எந்தக் கோப்பில் எந்த நட்சத்திரம் முதல்முதலாகத் தலைகாட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிறந்த நேரங்களைக் கண்டுபிடித்தோம். குப்பை என்று இத்தனை வருஷம் தள்ளிய பிள்ளைகளை அந்தந்தத் தாயின் பின்னால் நிறுத்தினோம். இதுவரை மூன்று கேலக்ஸிகள் முடிந்தன.

மூன்றிலும் கூட்டம் திரும்பி வருகிறது.

அவருடைய கணினியில், அவருடைய மோதலில்! இனி இதைப் பொய் என்று சொல்ல ஆள் கிடையாது. மூன்றாவது வளைந்தபோது அந்த மனிதர் எழுந்து, "வருதும்மா, வருது!" என்று கத்தினார். நானும் கத்தினேன். கத்தி முடித்துத் திரும்பிப் பார்த்தேன், நீங்கள் இல்லை. அவ்வளவு சந்தோஷத்திலும் அழுகை வந்துவிட்டது.

நாலாவது கேலக்ஸி தயாராக இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது. கட்டளையை அடித்து வைத்துவிட்டேன், கடைசித் தட்டு மட்டும் பாக்கி. யாரையும் தொட விடவில்லை. அது நீங்கள் தட்ட வேண்டியது.

சில்வண்டு


ஏப்ரல் 18

விடுப்பு சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். உன் அண்ணனும் வருகிறார், அவர் மூலையில் உட்கார்ந்து கைதட்டினால் போதும்.

நான் வரும்வரை டைக்காரரை அந்த விசைப்பலகைப் பக்கம் அண்ட விடாதே.

அண்ணி